ஆரோகணமும் ஆரோபணமும்



ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் தெஹியோவிட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பாதையால் நடந்துபோய்க்கொண்டிருந்தேன். பாதையோரத்திலே ஒரு சிறு மாதா கோயில். தகரக் கூரை, நீலச் சாயம் பூசிய சுவர். சுவரிலே ஓகஸ்ட் 15ஆந் திகதிப் பெருநாளுக்கான அறிவித்தல் இரண்டு மொழிகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. சிங்களத்தில் 'ஸ்வர்காரோபணய' என்றும் தமிழில் 'விண்ணேற்பு' என்றும் எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், தமிழ்ச் சொல்லின் கடைசிப் பகுதியை வெட்டி 'விண்ணேற்றம்' என்று பேனையால் திருத்தியிருந்தார். தமிழ் வாத்தியாருக்குப் பிழையைக் கண்டால் கை சும்மா இராது. நான் அதை மறுபடியும் 'ஏற்பு' ஆக்கிவிட்டுத்தான் நகர்ந்தேன். நான் சைவன். எங்கள் கோயில் சுவரிலே வேறொருவர் வந்து திருத்தம் செய்தால் நான் சும்மா இருப்பேனா என்ற யோசனை கொஞ்சத் தூரம் போன பிறகுதான் வந்தது. ஆனாலும் அந்தத் திருத்தத்தைச் செய்யும் உரிமையை எனக்கு ஒருவர் தந்திருந்தார். அவர் எங்கள் லயத்திலே பக்கத்துக் காம்பிராவில் இருந்த கத்தோலிக்கக் கிழவி. எழுத்தறியாதவர்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கத்தோலிக்கருடைய பழைய தமிழிலே இரண்டு திருநாள்கள் உண்டு. இயேசுநாதர் பரலோகம் சென்ற நாள் ஆரோகணத் திருநாள். தேவமாதா பரலோகம் சேர்ந்த நாள் ஆரோபணத் திருநாள். ககரத்துக்கும் பகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான். சிங்களத்திலும் இப்படியே 'ஸ்வர்காரோஹணய', 'ஸ்வர்காரோபணய' என்று இரண்டும் இன்றுவரை வழங்குகின்றன. வடமொழியிலே ஆரோஹணம் என்றால் ஏறுதல்; ஆரோபணம் என்றால் ஏற்றுதல். நம் இலக்கணத்திலே தன்வினை, பிறவினை என்று படிக்கிறோமே, அதே வேறுபாடு. சங்கீதம் தெரிந்த நேயர்களுக்கு ஆரோகணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மகாபாரதத்தின் கடைசிப் பருவத்துக்கும் சுவர்க்காரோகண பருவம் என்றுதான் பெயர். தருமபுத்திரர் நாயோடு நடந்து, மலை ஏறி, தம் தருமத்தின் பலத்தாலே போகிறார். அது ஏறுதல்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தாய்மொழிக்கு வந்தது. பழைய வடசொற்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. ஆரோகணம் விண்ணேற்றம் ஆயிற்று. ஆரோபணத்துக்கு என்ன செய்வது? அதற்குப் 'விண்ணேற்பு' என்று சொல் கண்டவர் யாரோ, தமிழ் நன்றாய் அறிந்தவர். ஏற்றம் என்பது ஏறுவதிலிருந்து வருவது. ஏற்பு என்பது ஏற்றுக்கொள்வதிலிருந்து வருவது. முன்னதிலே போகிறவருடைய வல்லமை தெரிகிறது. பின்னதிலே மேலேயிருந்து நீளும் கை தெரிகிறது. பழந்தமிழில் ஏற்றல் என்றால் கையேந்தி வாங்குதல், இரத்தல் என்ற பொருளும் உண்டு. அந்த நிழலும் இந்தச் சொல்லிலே கொஞ்சம் விழுந்துகிடக்கிறது என்பது என் எண்ணம். இது அறிஞர்கள் ஒப்புகிற சொல்லாராய்ச்சி அன்று. வகுப்பிலே பாடம் நடத்துகிறபோது தோன்றியது.

இனி அந்த நம்பிக்கையின் வரலாறு. வேதாகமத்திலே மாதாவின் மரணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலாம் நூற்றாண்டிலே சலாமிஸ் நகரின் ஆயராய் இருந்த எப்பிபானியுஸ், அந்தத் தாய் இறந்தாளா, அடக்கம் செய்யப்பட்டாளா, அவள் முடிவு என்ன என்பது எவருக்கும் தெரியாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் கிரேக்கம், சிரியம், இலத்தீன், கொப்தியம் முதலிய மொழிகளிலே கதைகள் பெருகின. மாதாவின் அந்தியகாலத்திலே அப்போஸ்தலர்கள் அவரவர் போதித்துக்கொண்டிருந்த தேசங்களிலிருந்து மேகங்களின்மீது கொண்டுவரப்படுகிறார்கள். கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். அடக்கம் செய்கிறார்கள். பிறகு கல்லறை வெறுமையாகிறது.

இக்கதைகளில் ஒன்று நம்மவருக்கு உரியது. எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒருவர் மட்டும் பிந்திவிட்டார். அவர் தோமா. ஏன் பிந்தினார்? அவர் இந்தியாவிலே இருந்தாராம்! தூரம் அதிகம். அவர் வந்துசேர்கிறபோது மாதாவின் உடல் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அவருக்காக மாதாவின் இடைக்கச்சை கீழே இறங்குகிறது. மற்றவர்கள் அவர் சொல்வதை நம்பாமல் கல்லறையைத் திறந்து பார்க்க, உள்ளே உடல் இல்லை. முன்னொருமுறை சந்தேகப்பட்டவர் என்று பெயரெடுத்த தோமா, இந்த முறை மற்றவர்களின் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிறார். கதை சொன்னவர் நல்ல கதைசொல்லி. இத்தாலியிலே பிராத்தோ நகரத்துப் பேராலயத்தில் அந்தக் கச்சை என்று ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

தோமாவை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. இரத்தினபுரியிலே மழை விட்ட காலை நேரத்தில் வடகிழக்கே பார்த்தால் சிவனொளிபாதமலை தெரியும். சைவர்கள் சிவன் பாதம் என்கிறோம். பௌத்தருக்கு அது புத்தர் பாதம். இஸ்லாமியருக்கு ஆதம் நபியின் பாதம். போர்த்துக்கீசர் காலத்திலே சிலர் அது தோமா அப்போஸ்தலருடைய பாதம் என்றும் எழுதினார்கள். எது எவ்வாறாயினும், அடிச்சுவடு மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. கச்சை மட்டும் இருக்கிறது, உடல் இல்லை. இரண்டு கதைக்கும் உயிர் ஒன்றுதான்.

எட்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த டமாஸ்கு யோவானின் பிரசங்கத்திலே ஒரு வரலாறு இடம்பெற்றிருக்கிறது. 451இல் சல்சிதோனிலே சங்கம் கூடியபோது, கொன்ஸ்தாந்திநோபிள் அரசி, மாதாவின் திருவுடலைத் தன் நகரத்துக்குத் தரும்படி எருசலேம் ஆயரைக் கேட்டாளாம். கல்லறையில் துணிகள்தாம் உண்டு, உடல் இல்லை என்று அவர் பதில் சொன்னாராம். அந்தப் பிரசங்கத்தில் இந்தப் பகுதி பிற்காலத்தார் சேர்த்தது என்று கருதுகிறவர்களும் உண்டு. ஆனால் அதன் உள்ளே இருக்கும் தருக்கத்தைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவ உலகம் எலும்பைப் போற்றிய உலகம். மயிலாப்பூரிலே தோமாவின் கல்லறை உண்டு. கோவாவிலே சவேரியாரின் உடல் உண்டு. எத்தனையோ நகரங்கள் எத்தனையோ புனிதர்களின் விரலுக்கும் பல்லுக்கும் சண்டை பிடித்தன. ஆனால் எல்லாரிலும் மேலாய்ப் போற்றப்பட்ட இந்தத் தாயின் எலும்பு எங்களிடம் இருக்கிறது என்று பெருமை பேசிய நகரம் இல்லை. வரலாற்று மாணவன் இதைச் சான்று என்று ஒப்பமாட்டான். இல்லாத ஒன்று எதையும் நிரூபிக்காது. இலக்கிய மாணவனுக்கோ இதை விட்டுப்போக மனம் வராது.

மோரிஸ் என்ற பேரரசன், 582 முதல் 602 வரை ஆண்டவன், ஓகஸ்ட் 15ஐத் திருநாளாய் எங்கும் கொண்டாடும்படி கட்டளையிட்டான். ஏழாம் நூற்றாண்டிலே உரோமாபுரியிலும் அது நிலைத்தது. மக்கள் ஆயிரத்துமுந்நூறு ஆண்டுக்கு மேலாய்க் கொண்டாடிய பிறகுதான் அது கோட்பாடாய்ச் சட்டம் பெற்றது. பன்னிரண்டாம் பத்திநாதர் என்ற பாப்பரசர் 1946இல் உலகத்து ஆயர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்கள் மக்கள் இதை நம்புகிறார்களா, நீங்கள் நம்புகிறீர்களா என்று கேட்டார். மிகப் பெரும்பான்மையோர் ஆம் என்றார்கள். 1950 நவம்பர் முதலாந் திகதி, மாதா தன் உலக வாழ்வு முடிந்தபின் ஆன்மாவோடும் உடலோடும் விண்ணக மாட்சிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்று பிரகடனம் செய்தார். அவள் இறந்தாளா இல்லையா என்பதை அதிலே தீர்த்துச் சொல்லவில்லை. எப்பிபானியுஸ் விட்ட இடத்திலே அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. புரட்டஸ்தாந்து சபையார் வேதத்தில் ஆதாரம் இல்லை என்று இதை மறுத்தார்கள், இன்றும் மறுக்கிறார்கள். கத்தோலிக்கர் அல்லாத உளவியலறிஞர் யுங் மட்டும் 1952இல் எழுதிய நூலிலே, மதச் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு நடந்த மிக முக்கியமான சமய நிகழ்ச்சி இதுவே என்றார். ஒரு பெண்ணின் உடல் தெய்வ உலகத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டது என்பது அவருடைய வியப்பு.

அந்தப் பிரகடனத்திலே ஓரிடம் எனக்கு முக்கியமாய்ப் பட்டது. உலக யுத்தம் முடிந்து ஐந்தே ஆண்டுகள். கோடிக்கணக்கான உடல்கள் குப்பையாய்க் குவிந்து கிடந்த ஐரோப்பா. மனித உடலும் ஆன்மாவும் எவ்வளவு உயர்ந்த முடிவுக்கு உரியவை என்பதை இந்தத் தாயைப் பார்த்து மக்கள் உணரட்டும் என்று பாப்பரசர் எழுதினார். உடலுக்காகப் பேசிய கோட்பாடு இது. சமயம் என்றால் ஆன்மாவை மாத்திரம் பேசும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம்.

நம்முடைய மரபிலே உடலோடு போனவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். ஏராளம் உண்டு. திருஞானசம்பந்தர் நல்லூர்ப் பெருமணத்திலே மணக்கோலத்தோடும் வந்த கூட்டத்தோடும் சோதியிலே கலந்தார். சுந்தரர் வெள்ளை யானையிலே கயிலை போனார். மாணிக்கவாசகர் தில்லையிலே மறைந்தார். ஆண்டாள் திருவரங்கத்திலே. இவர்களில் எவருக்கும் எலும்பு இல்லை, சமாதி இல்லை. ஆனாலும் எனக்கு மாதாவின் கதையோடு நெருங்கியவளாய்த் தோன்றுகிறவள் கண்ணகி. மதுரை எரிந்த பிறகு அவள் மேற்கே நடந்து மலைநாட்டிலே ஒரு வேங்கை மர நிழலில் நிற்கிறாள். பதினாலாம் நாள் வானவர் கோவலனோடு வந்து அவளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இதைக் கண்டவர் யார்? அரசனோ புலவனோ அல்லர். மலைக் குறவர்கள். அவர்கள் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் செங்குட்டுவனுக்குச் செய்தியே தெரிகிறது. மலையிலே கூலிக்கு ஏறி இறங்குகிறவர்களின் கண்ணிலே முதலில் பட்ட அதிசயம்! பத்தினித் தெய்வமாய் அவள் நம் நாட்டுக்கும் வந்தாள். கொழும்பிலிருந்து பழைய அவிசாவளைப் பாதையிலே வருகிறவர்கள் நவகமுவையில் பத்தினி தேவாலயத்தைத் தாண்டித்தான் சப்ரகமுவைக்குள் நுழைகிறார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மாரியம்மனும் மரியாளும் ஒன்றுதான், பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று தோட்டங்களிலே சொல்லுவார்கள். மேடைப் பேச்சாளர்களும் சொல்லுவார்கள். மாரி என்பது மழை. மரியா என்பது மிரியம் என்ற எபிரேயப் பெயர். ஒலி ஒத்தால் உறவு ஆகாது. இரண்டு அம்மாவிடமும் ஒரே சனங்கள் ஒரே குறையைச் சொல்லி அழுகிறார்கள் என்பது வேறு விஷயம்; அது உண்மை.

இந்தச் சனங்கள் எப்படி வந்தார்கள்? கோப்பிக் காலம், தேயிலைக் காலம் நேயர்கள் அறிந்தவை. கேகாலை மாவட்டத்துக்கும் இரத்தினபுரிக்கும் அதோடு இறப்பரும் சேர்ந்தது. களனி வெளிச் சிறுபாதை ரயில் எட்டியாந்தோட்டைக்கும் பின்னர் இரத்தினபுரிக்கும் போட்டது இந்தச் சரக்குக்காகத்தான். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்த கூலிச் சனங்களிலே சிறுபான்மையாய்க் கத்தோலிக்கரும் இருந்தார்கள். அவர்கள் ஊரிலே மாதா பக்தி பழையது. கோவில்பட்டிக்குப் பக்கத்திலே காமநாயக்கன்பட்டியில் உள்ள கோயிலுக்குப் பெயரே பரலோக மாதா கோயில். ஓகஸ்ட் 15 அங்கே பெருந்திருவிழா. வீரமாமுனிவர் பணியாற்றிய இடங்களில் அதுவும் ஒன்று. மாதாவுக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடிய அந்த இத்தாலியரை நாங்கள் கல்லூரியிலே இலக்கியத்துக்காகப் படிக்கிறோம். லயத்துக் கிழவிகளுக்கு அவரைத் தெரியாது, அவர் வணங்கிய தாயைத் தெரியும். இங்கே இவர்களுக்கு 1893இல் உண்டான காலி மறைமாவட்டத்தின் கீழ் இயேசு சபைக் குருமார் வந்தார்கள். குருவானவர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியாரும் செபமாலையுந்தான். 1995இல் இரத்தினபுரி தனி மறைமாவட்டம் ஆயிற்று.

எங்கள் பக்கத்துக் காம்பிராக் கிழவியைச் செபமாலைப் பாட்டி என்றுதான் லயமே கூப்பிடும். பால் வெட்டிப் பால் வெட்டி விரலெல்லாம் கறுத்துப்போனவர். விடியுமுன் ஐந்து மணிக்கே மலைக்குப் போய்விடுவார். இறப்பர் மலையிலே அந்த நேரத்துக்குப் பாம்பு பயம் அதிகம். அவர் மடியிலே எப்போதும் ஒரு சிறு முடிச்சு இருக்கும். மடு மண். மன்னார்க் காட்டிலே மருதமடு மாதா கோயில் வளவிலிருந்து எடுத்த மண் பாம்பு விஷத்துக்குக் காப்பு என்பது இந்த நாட்டுக் கத்தோலிக்கரிடையே ஆழ்ந்த நம்பிக்கை. அந்த முடிச்சு அவருடைய தாய் கொண்டுவந்தது. இவர் தம் வாழ்நாளில் மடுவைக் கண்டதே இல்லை.

காணாததற்குக் காரணம் உண்டு. மடு அந்தப் பக்கம், யுத்தம் நடுவிலே. அதற்கும் முன்னே பயம். 1981 ஓகஸ்டிலே இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலே லயங்கள் தாக்கப்பட்டபோது சனங்கள் இரவிலே காட்டிலே படுத்துக் கிடந்தார்கள். அந்த வருஷப் பெருநாளைத் தேயிலைக்குள்ளே உட்கார்ந்து செபமாலை சொல்லிக் கழித்தோம் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய தங்கை குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். அங்கே குடியேறிய எத்தனையோ தோட்டக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. பிறகு கடிதமும் நின்றுபோயிற்று.

நான் பல்கலைக்கழக மாணவனாய் இருந்த 2003 ஓகஸ்டிலே, யுத்த நிறுத்தம் இருந்தபடியால், எங்கள் தோட்டத்திலிருந்து மடுவுக்கு ஒரு பஸ் போயிற்று. பாட்டிக்குத் துணையாய் என்னைப் போகச் சொன்னார் என் தாயார். சைவப் பிள்ளை மாதா கோயிலுக்குப் போவதா என்று எங்கள் வீட்டிலே ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸிலே பொழுதுபோக்காய், "மாதா பரலோகத்துக்கு ஏறிப்போன நாள்தானே பாட்டி நாளன்னைக்கு?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏறிப் போகலப்பா. அவுக ஏறுவாகளா? வயசான மனுசி. ஏத்துக்கிட்டாக."

"யாரு?"

"மகன்தான். வேற யாரு ஏத்துக்குவா?"

அருச்சுனன் தபசு பார்த்து வளர்ந்தவன் நான். கூத்துக்காரர் தபசு மரத்திலே ஒவ்வொரு படியாய்ப் பாடிப் பாடி ஏறுவார். விடியும்போதுதான் உச்சிக்குப் போவார். மேலே போவதென்றால் ஏறித்தான் போகவேண்டும் என்றுதான் என் மனதிலே இருந்தது. பிற்காலத்திலே ஆரோகணம், ஆரோபணம் என்ற சொற்களை அகராதியிலே தேடிப் பார்த்தபோது பாட்டியின் இலக்கணம் எவ்வளவு சுத்தமானது என்று தெரிந்தது.

சோதனைச் சாவடியிலே அடையாள அட்டை கேட்டார்கள். பாட்டியிடம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலே நாடற்றவர்களாய்ப் போனவர்களில் அவருடைய பெற்றோரும் அடக்கம். உரோமாபுரியிலே மனித உடலின் உயர்வைப் பிரகடனம் செய்த 1950ஆம் ஆண்டிலே, இந்தத் தோட்டங்களிலே இலட்சக்கணக்கான உடல்கள் எந்த நாட்டுப் பதிவிலும் இல்லாமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தன, பால் வெட்டிக்கொண்டிருந்தன. 1964 ஒப்பந்தத்திலே இந்தியாவுக்கு ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம், இலங்கைக்கு மூன்று இலட்சம் என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருஷம் கழித்துச் சரிபாதியாய்ப் பிரித்தார்கள். பாட்டியின் விண்ணப்பம் இந்தக் கணக்கிலே எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது. அவரிடம் இருந்தது தோட்டத்து ஐயா எழுதிக்கொடுத்த ஒரு கடிதம் மட்டும். சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுத்திலே கிடந்த செபமாலையைப் பார்த்துவிட்டு, போகச் சொன்னான். அவனும் கத்தோலிக்கனாய் இருந்திருக்கலாம்.

மடுவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்திலே, 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடின என்பது அதன் தொடக்கம். அந்தச் சொரூபமே அகதியாய் வந்ததுதான். 2008 ஏப்ரலிலே யுத்தம் நெருங்கியபோது அதை மறுபடியும் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்து, அதே ஆண்டில் திரும்பியது. நான் கண்ட 2003ஆம் வருஷத்துப் பெருநாளிலே காடெல்லாம் குடில்கள். புழுதி. பூசை சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி நடந்தது. சிலாபத்துச் சிங்களக் குடும்பமும் யாழ்ப்பாணத்துக் குடும்பமும் ஒரே அடுப்பிலே தேநீர் காய்ச்சுவதைப் பார்த்தேன். பெரிய அதிசயம் என்று அதைச் சொல்லமாட்டேன். அடுப்பு ஒன்றுதான் இருந்தது.

பெருநாளன்று மத்தியானம் பாட்டி தம் தங்கையைக் கண்டார். தேடிக் கண்டுபிடித்ததல்ல, தண்ணீர் வரிசையிலே முன்னாலே நின்றவள் திரும்பினாள். இருபத்தாறு வருஷம். இருவரும் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பால் வெட்டிய கை. அந்த அடையாளம் போதுமாய் இருந்தது. அன்று இரவு இருவரும் பாயிலே உட்கார்ந்து செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரை எங்கே புதைத்தது என்றும் கேட்டுக்கொண்டார்கள். தோட்டத்து மயானத்திலே கல் வைப்பது இல்லை. வசதி இல்லை. எங்கள் அப்பாயியைப் புதைத்த இடத்திலே பின்னாளில் தோட்டத்தார் மறுநடுகை செய்து இறப்பர்க் கன்று வைத்துவிட்டார்கள். இப்போது எந்த மரத்தடி என்று எனக்குச் சரியாய்த் தெரியாது. அதனாலேதான், உடல் மண்ணிலே காணாமல் போகவில்லை, ஒருத்தியாவது முழுதாய் ஏற்றுக்கொள்ளப்பட்டாள் என்ற நம்பிக்கையை இந்தச் சனங்கள் இவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால், நான் பிறந்த சமயம் வேறு. ஆனால் அதைப் பிழை என்று வெட்டித் திருத்த எனக்குக் கை வராது.

திரும்புகிறபோது பாட்டி மடு மண்ணை ஒரு பால்மா தகரத்திலே நிறைய அள்ளிக்கொண்டார். லயத்திலே ஒவ்வொரு காம்பிராவுக்கும் கொஞ்சம். எங்கள் வீட்டுக்கும் தந்தார். எங்கள் அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலே திருநீற்றோடு வைத்தார்.

அந்த வருஷம் ஒக்டோபரிலே இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்திலே நிறைவேறியது. அடுத்த வருஷம் நான் விடுமுறையிலே வந்தபோது பாட்டி ஒரு கடதாசியைக் கொண்டுவந்து நீட்டினார். அவருடைய பிரசாவுரிமைப் பத்திரம். வாசித்துச் சொல்லச் சொன்னார். வாசித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப ஏத்துக்கிட்டாகளா?" என்றார்.

ஏற்றுக்கொண்டார்கள் என்றேன்.

பத்திரத்தை நாலாய் மடித்து, மண் இருந்த அதே தகரத்திலே வைத்து மூடினார். பிறகு மறுபடியும் திறந்து, மண்ணோடு வைத்தால் கறையான் அரிக்குமா என்று என்னைக் கேட்டார்.